பின்னால் வரும் எந்தப் பதிப்பும்

அஃப்சருன்னிசா படித்தது ஐந்தாவது வரைதான். லஸ் பக்கத்துச் சந்தில் ரவிக்கை தைப்பது பிழைப்பு. ஆனால் தமிழை அவள் உரக்க வாசித்தால் கேட்கிறவர்கள் கைவேலையை நிறுத்திவிடுவார்கள். கண் தெரியாத தம்பி காதருக்குத் தினமும் பேப்பர் வாசித்து வாசித்து வந்த பழக்கம்.

காதரின் சிநேகிதன் ஆனந்தகுமார் அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்தான். அடையாறில் சிலர் சேர்ந்து நடத்தும் கட்டற்ற மென்பொருள் சங்கத்தில் அவன் வைத்ததுதான் சட்டம். போனில் வரும் தமிழைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் செய்கிறோம், அதற்கு உங்கள் குரல் வேண்டும் என்றான். கூலி கிடையாது. கூலி எதற்கு, அல்லாஹ்வுக்காகச் செய்வது என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் அவன் அறையில், இரைச்சல் விழாதிருக்க மின்விசிறியை அணைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க வாசித்தாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பிஸ்மில்லா சொல்வாள். "அக்கா, இப்படியே போனா கரண்ட் பில்லைக்கூட மெஷின் பிஸ்மில்லா சொல்லித்தான் படிக்கும்" என்று கேலி செய்துகொண்டே அவன் அதை வெட்டி எடுப்பான்.

முடிந்ததும், அந்தக் குரலை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சங்கம் எழுதிய உரிமத்தை, அதன் இரண்டாம் பதிப்பை, வாசித்துக் காட்டினான். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதையும் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும், பூட்டக் கூடாது. அவளுக்கு உடனே புரிந்தது. அல்லாஹ்வின் பேரில் ஊருக்குப் பொதுவாக வக்ஃபு செய்த கிணறு மாதிரி. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்பதா, 'இரண்டாம் பதிப்பு அல்லது சங்கம் பின்னால் வெளியிடும் எந்தப் பதிப்பும்' என்பதா?

பின்னால் வருவது மோசமாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டாள்.

"எழுதப்போறதே நான்தானேக்கா."

வக்ஃபுக்குக் கொடுத்தவர் போட்ட நிபந்தனையைப் அதை நிர்வகிக்கப் பின்னால் வரும் முத்தவல்லி மாற்ற முடியாது. அந்த நினைப்பிலேயே 'எந்தப் பதிப்பும்' என்பதற்குச் சம்மதித்தாள். நிபந்தனையை மாற்றும் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறோம் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. ஒருநாள் கிண்டியில் வேலை முடிந்து வந்த காதர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ஆபா, உன் குரல் சீட்டாடக் கூப்பிட்டுக்கினு கீது."

போனில் வந்த ஒரு விளம்பரத்தைப் போட்டுக் காட்டினான். வாங்க, ரம்மி ஆடுங்க, அதிர்ஷ்டம் உங்க பக்கம் என்றது அவள் குரல். அவள் சொல்லாத வார்த்தைகள். ஆனால் அதே குழைவு. அன்று தொழுகையில் ஓத வாய் திறந்தவளுக்குத் தன் குரலே கூசியது.

மறுநாள் ஆனந்தகுமாரிடம் போனாள். அவன் நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். சங்கம் இப்போது வெளியிட்டிருக்கும் உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் பூட்டிக்கொள்ளவும் அனுமதி உண்டு, அப்போதுதான் கம்பெனிகள் சங்கத்துக்குக் கைகொடுக்கும் என்றான். எடுத்தவர்களைத் தடுக்க இனி வழியில்லை. புதிதாக வாசித்தால் அதற்கு 'இரண்டாம் பதிப்பு மட்டும்' என்றே போட்டுவிடலாம் என்றும் சொன்னான். குரலில் தப்பு செய்த சாயலே இல்லை.

அவள் ஒன்றுதான் கேட்டாள். "மூணாவதை எழுதுறப்ப என் ஞாபகம் வந்துச்சா தம்பி?"

இல்லை என்றிருந்தால், மறந்துவிட்டான் என்று மன்னித்திருப்பாள்.

"வந்துச்சுக்கா" என்றான்.

தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்தாள். இனி வாசிக்க வரமாட்டேன் என்பதைக்கூட அவனிடம் சொல்லவில்லை.

வீட்டில் காதரின் போன் யாரோ ஒரு ஆணின் கட்டைக் குரலில் செய்தி படித்துக்கொண்டிருந்தது. அவள் மனசு நோகக்கூடாதென்று அவனே மாற்றியிருந்தான்.

"பழையபடி வை" என்றாள். "அது உனக்குக் குடுத்ததுடா."

அவன் மாற்றினான். அவள் குரல் காய்கறி விலை சொல்லத் தொடங்கியது. அஃப்சருன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கடைசி வரை கேட்டாள்.