எட்டேழு எத்தனை?

அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று அலோர் காஜா மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி. சின்ன வயதில் மனப்பாடம் செய்தது சில சமயம் தானாக வரும் என்று பயிற்சி தரும் மலாய்க்காரப் பெண் சொன்னார்.

தேவாரம் பாடிப் பார்த்தேன். அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எஸ்டேட் பள்ளியில் நாங்கள் ராகம் போட்டுக் கத்திய வாய்ப்பாடு ஞாபகம் வந்தது.

"அண்ணே, ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவோமா? ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு..."

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. நான் நிறுத்தவில்லை.

"ஏழேழு நாப்பத்தொம்போது, எட்டேழு அம்பத்திநாலு..."

அண்ணன் முகத்தைச் சுளித்தார்.

"அம்... பத்தாறு."

"பெத்துல் கா?" சரியாகச் சொன்னாரா என்று அந்தப் பெண் கேட்டார். ஆமென்று தலையாட்டினேன்.

என் பெயர் இன்னும் அவர் வாயில் வரவில்லை. என் பழைய தப்பை மட்டும் அவர் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணும்னே தப்பா சொல்லி அவர பேச வச்சிட்டியே லா!"

அண்ணியிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். நான் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லவில்லை.

உங்களுக்கு எந்த வாய்ப்பாடு இன்னும் வரவில்லை?