கழற்றிவிடப்பட்ட மாப்பிள்ளையின் குரல்

மின்விசிறியை நிற்பாட்டினால் அது ஒருமுறை முனகிவிட்டுத்தான் ஓயும். அந்த முனகல் கேட்டதும், எங்களில் மூத்த குரல் நடிகரான அங்கிள், சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டு மைக்குக்கு முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அடுக்குமாடி வீடொன்றின் பின்னறைதான் எங்கள் ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் பழைய மெத்தைகள். விசிறிச் சத்தத்தை மைக் பிடித்துவிடும் என்பதால் பதிவு நடக்கும்போது காற்றுக்கு இடமில்லை. ஆக, சேட்டு முதுகோடு ஒட்டிக்கொள்ள, "பார், எவ்வளவு அழகாகப் பனி பொழிகிறது!" என்று நாங்கள் உருகிக்கொண்டிருந்தோம். அந்தப் பனியை எழுதியவன் நான். கவிஞனாக வேண்டும் என்று புறப்பட்டு, வெளிநாட்டுத் தொலைக்காட்சிக் காதல் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிற இடத்தில் வந்து இறங்கியிருந்தேன். என் கவிதைகளை வாசித்தவர்கள் அதை முன்னேற்றம் என்றே சொன்னார்கள்.

படங்கள் என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக. உண்மையில் ஒரே படம்தான். நடிகையின் தலைமுடி நிறத்தை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நகரத்தில் பெரிய உத்தியோகம் பார்க்கும் பெண் நத்தார் பண்டிகைக்கு ஊருக்கு வருவாள். அப்பாவின் பேக்கரி மூடப்படுகிற நிலையில் இருக்கும். கட்டம் போட்ட சேட்டோடு ஒருவன் விறகு பிளந்துகொண்டு நிற்பான். அவனுக்கு மனைவி இருந்திருப்பாள், படம் தொடங்க முன்னமே வசதியாகச் செத்தும் போயிருப்பாள். அவள் விட்டுப்போன வாயாடிக் குழந்தை பாட்டிமாரைப்போலப் புத்தி சொல்லும். இருவரும் மாப் பிசைவார்கள், மூக்கில் மா ஒட்டும், அவன் துடைத்துவிடுவான். படம் முடியக் கிட்டவாக, அவன் யாரோடோ கதைப்பதில் பாதியை மட்டும் இவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுவாள். "என்ன விஷயம்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். கேட்கமாட்டாள். வெள்ளவத்தையில் இந்தக் கதை நடக்க வழியே இல்லை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் மேலே போய்ச் சேருவதற்குள் மூன்றாம் மாடி அன்ரி எல்லாவற்றையும் கேட்டு, பதிலையும் தானே சொல்லி, சாதகமும் பார்த்து முடித்திருப்பார். இவ்வளவு மொக்குத்தனத்தையும் ஆற அமர எழுதி, நடித்து, கடல் கடந்து அனுப்புகிறார்களே என்று எனக்கு எரிச்சல். அதைத் தமிழில் எழுதுவதற்குக் கையில் பேனாவோடு இருக்கிறேனே என்பது அதைவிடப் பெரிய எரிச்சல்.

இந்தப் படங்களில் இன்னொருவன் உண்டு. நகரத்தில் அவளுக்கு ஏற்கெனவே நிச்சயமான மாப்பிள்ளை. கோட்டுப் போட்டிருப்பான், எந்நேரமும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருப்பான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். கடைசியில் அவள் மோதிரத்தைக் கழற்றி அவன் கையில் வைப்பாள். அவனும், தபாற்கந்தோருக்குப் போய் இன்று விடுமுறை என்று கேட்டுத் திரும்புகிறவனைப்போல, "எனக்குப் புரிகிறது. நீ மகிழ்ச்சியாக இரு" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவான். அந்த மாப்பிள்ளைகள் எல்லாருக்கும் குரல் எங்கள் அங்கிள்தான். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறிய கொட்டாஞ்சேனைக்காரர். கோயிலில் வேதாகம வாசகம் வாசித்துப் பழகிய கனத்த குரல். அந்தக் குரலில் காதல் சொன்னால் பிடியாணை வாசிப்பதுபோல இருக்கும் என்று முதலாளி அவரைக் கடைசிவரை கதாநாயகன் ஆக்கவில்லை.

அங்கிள் அந்த மாப்பிள்ளைகளுக்காக வழக்காடத் தொடங்கினார். "தம்பி, இவன் என்ன பிழை செஞ்சான்? வேலைக்குப் போறது பிழையா? மத்தவன் விடிஞ்சதில இருந்து விறகு வெட்டுறான். அந்த ஊர்ல அவ்வளவு விறகு யாருக்கு?"

"கதைதானே அங்கிள்."

"கதையெண்டா ஒரு ஞாயம் வேணாமா? எழுதுறவன் நீதானே, கேக்கமாட்டியா?"

யாரைப் போய்க் கேட்பது? சிரித்துச் சமாளிப்பேன். அவருடைய வழக்கில் அவருடைய மகனும் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். தாயில்லாமல் வளர்த்த ஒரே பிள்ளை, வங்கியில் வேலை, கோட்டு, தொலைபேசி, இருட்டிய பிறகு வீடு. "ஒரு கட்டம் போட்ட சேட்டு வாங்கிக் குடுங்கோ அங்கிள், இல்லாட்டிப் பொம்பிளை கிடைக்காது" என்று பகிடி விடுவேன். ஆனால் மகனுக்குக் கலியாணம் சரிவந்தது. கத்தோலிக்கரான அவர்களிடம் ஒரு வழக்கம்: கலியாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசையில் மணமக்களின் பெயரை வாசித்து, யாருக்காவது தடை தெரிந்தால் அறிவியுங்கள் என்பார்கள். ஓலை வாசிப்பது என்று அதற்குப் பெயர். முதல் ஓலை வாசித்த மறுநாள் அங்கிள் எங்கள் எல்லாருக்கும் கேக் கொண்டுவந்தார். இரண்டாம் ஓலையும் ஆயிற்று. "பாத்தியா, உன்ட படத்தில வாற மாதிரி ஒருத்தனும் தடை சொல்லக் கதவத் தள்ளிக்கொண்டு ஓடி வரல்ல" என்று என் முதுகில் தட்டினார்.

ஓடி வருவதற்கு ஆள் தேவைப்படவில்லை. அந்த வாரமே மணப்பெண்ணே அவர்கள் வீட்டுக்கு வந்து, மகனையும் வைத்துக்கொண்டு அங்கிளுக்கு முன்னால் இருந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வேறொருவன் இல்லை, சண்டையும் இல்லை. "அவர்ல ஒரு பிழையும் இல்ல அங்கிள்" என்றாளாம். மகன் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பதிவு. அன்றைய காட்சி மோதிரம் கழற்றும் காட்சி. வேறு யாரையாவது போடுவோம் என்று முதலாளியிடம் மெல்லச் சொன்னேன். அங்கிளுக்குக் கேட்டுவிட்டது. "ஏன், எனக்கு வாயில்லையா?" என்று போய் நின்றார். விசிறி முனகி ஓய்ந்தது. கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் பிள்ளை பக்கத்தில் நின்று, நான் எழுதிய "உங்களிடம் எந்தக் குறையும் இல்லை" என்பதை நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். அங்கிள் தன் முறையைத் தவறவிட்டார். திரும்ப எடுத்தோம், கடற்கரை ரயில் வந்து குழப்பியது. அது காலிமுகப் பக்கம் போய் ஓயும்வரை ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. திரும்ப எடுத்தோம். திரையில் அந்த வெள்ளைக்காரன் சிரித்துக்கொண்டு வாய் திறக்க, அங்கிள் சொன்னார்: "எனக்கு விளங்கல்ல. பிழையில்லயெண்டா ஏன்? எனக்கு விளங்கல்ல மகள்."

முதலாளி தலைக்கவசத்தைக் கழற்றுவதுபோல ஹெட்போனைக் கழற்றினார். "என்ன ஐசே, எழுதினது இது இல்லையே?"

"வாய் பொருந்துது" என்றேன். பொய்யில்லை. திரையில் உதடுகள் ஒட்டாத இடத்தில் 'புரிகிறது' என்று உதடு ஒட்டும் சொல்லை எழுதி, இத்தனை மாப்பிள்ளைகளையும் வாய் கோணவைத்தவன் நான்தான். அங்கிளின் சொல் அச்சொட்டாகப் போய் இருந்தது. "சனம் அந்த இடத்தில தேத்தண்ணி போட எழும்பிப் போயிருக்கும், விடுங்கோ" என்றேன். அவர் விட்டார். அந்த 'மகள்' என்பதை மட்டும் நான் வெட்டினேன்.

மூன்றாம் ஞாயிறு அப்பனும் மகனும் பூசைக்குப் போய் வழமையாக உட்காரும் வாங்கிலேயே இருந்தார்களாம். மற்றச் சோடிகளின் பெயர்களை வாசித்தார்கள். முன்வாங்கில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "எழும்பிப் போவமா எண்டு கேட்டன் தம்பி. பூச முடியட்டும் அப்பா எண்டான்." இந்தப் படங்களை நான் முதலில் மொக்கு என்றுதான் வெறுத்தேன். அங்கிள் இதைச் சொன்ன திங்கட்கிழமைக்குப் பிறகு வேறு மாதிரி வெறுக்கிறேன். ஒருத்தி சந்தோசமாக இருப்பதற்கு ஒருவனைக் காட்சியிலிருந்து அனுப்பிவிட்டு, அவனையே சிரிக்கவும் சொல்கிறார்கள். அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும் என்று எழுத அவர்களுக்கு ஒரு வரி இல்லை.

கூடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு பல் வைத்தியர். வாய்கள் அங்கே இன்னும் திறக்கின்றன, உண்மையான நோவோடு. நான் பக்கத்து ஊரான பாமன்கடையில் குடியிருக்கிறேன். மார்கழியில் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். என் மனைவி ஒவ்வொருமுறையும் பார்த்து ஒவ்வொருமுறையும் அழுகிறாள், விறகுக்காரனுக்காக. போன கிழமையும் போட்டார்கள். மோதிரத்தை வாங்கிக்கொண்டவன், விளங்கவில்லை என்று சொல்லிவிட்டு, சிரித்த முகத்தோடு கதவைத் திறந்து வெளியே போனான். என் மனைவி தேத்தண்ணி போட எழும்பவில்லை.

"இஞ்சேருங்கோ, இவன் இனி எங்க போறான்?"

"கொட்டாஞ்சேனைக்கு" என்றேன். "தகப்பன் சாப்பிடாமல் வழி பார்த்துக்கொண்டிருப்பார்."