வெள்ளைத்தாளின் ஓரம்

மென்பொருளில் குறை கண்டுபிடிப்பது என் வேலை. ஹைதராபாத்துக்கு வந்ததே அந்த வேலைக்காகத்தான். மாதாப்பூரில் மாதத்துக்கொரு கண்ணாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. எழுதியவன் கண்ணில் படாத தவறுகூட என் கண்ணில் பட்டுவிடும் என்று அலுவலகத்தில் பேர் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

என் கணவர் கோயம்புத்தூரில் பம்பு செய்யும் ஆலையில் இருந்தவர். எனக்காக அதை விட்டுவிட்டு, பட்டான்செருவில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தார். சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடித்து, ஞாயிறு விடிகாலையில் ஷேர் ஆட்டோவில் பிதுங்கிக்கொண்டு வந்து இறங்குவார். நான் கேமராப் பையோடு தயாராக நிற்பேன். காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார். லிங்கம்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம் போனால் ஏரி, அதற்கு மேலே பாறைச் சரிவு.

அந்தச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் பெரிய பாறைகள், இடையிடையே சீத்தாப்பழச் செடிகள், வேம்பு, புங்கம், உச்சியில் ஓர் அரசமரம். தை மாதத்தில் அங்கே வருகிறவர்கள் எல்லாம் காய்ந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். எங்கள் அலுவலகத்தில் படம் எடுக்கிறவர்கள் புரசம்பூ பூக்கிற வரைக்கும் வீட்டைவிட்டு நகர மாட்டார்கள். பூத்ததும் போய், அந்தச் சிவப்பைக் கணினியில் இன்னும் சிவப்பாக்கி எல்லாருக்கும் அனுப்புவார்கள். கத்துகிற நிறத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கலாம் என்று நான் சொல்வேன். எனக்கு வேண்டியது அதற்கு முந்தைய நிறங்கள். வைக்கோல் நிறப் புல்லின் அடியில் எட்டிப் பார்க்கும் பச்சை, பாறையில் படர்ந்த பாசியின் சாம்பல், வேப்பங்கொழுந்தில் இரண்டு நாள் மட்டும் தங்கும் செம்பு. போன வாரத்துச் செம்புக்கும் இந்த வாரத்துச் செம்புக்கும் வித்தியாசம் சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார். புரிந்ததா என்று கேட்டால், "நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்பார்.

இந்த மாதிரி நிறங்களில் கேமராவை நம்ப முடியாது. காலை வெளிச்சத்தில் எது வெள்ளை என்று அதற்குத் தெரியாது. தானாக ஒன்றை ஊகித்துக்கொண்டு செம்பை மஞ்சளாக்கிவிடும், சாம்பலை நீலமாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் முதல் படமாக ஒரு வெள்ளைத்தாளை எடுப்பேன். பிறகு கணினியில் அந்தத் தாளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று சொன்னால் மற்ற நிறங்களெல்லாம் தத்தம் இடத்துக்கு வந்துவிடும். தாளைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர் வேலை. பாதித் தாள். கையை நீட்டிப் பிடிப்பார். ஒவ்வொரு முறையும் கட்டைவிரல் தாளின்மேல் விழுந்துவிடும்.

"ஏனுங்க, வெரலு விழுகுது பாருங்க. ஓரமாப் புடிங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"இருந்துட்டுப் போகுது உடு. என்ற வெரலும் உன்ற படத்துல ஒரு மூலைல இருக்கட்டும்."

"கிரீஸ் வேற இருக்குதுங்க."

"நல்லாத் தேச்சுத்தான் கழுவுனேன் புள்ள. நகக்கண்ணுல போக மாட்டேங்குது."

அவர் படத்தில் வருவதை நான் விரும்பவில்லை. அவருடைய நீலச் சட்டை அந்தச் சரிவுக்குப் பொருந்தாது. தாளைக் காட்டி முடித்ததும் தள்ளி நிற்கச் சொல்வேன். அவரும் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பீர்க்கங்காய் என்ன விலை, அடுத்த வாரம் ஊருக்குப் போகலாமா என்று தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் தையிலிருந்து பங்குனி வரை பதினோரு ஞாயிறு போனோம். மாசி பாதியில் அவர் சரிவில் ஏறும்போது நின்று நின்று வர ஆரம்பித்தார். இரவு ஷிப்ட், தூக்கம் பற்றவில்லை என்றார். நானும் அதையே நினைத்தேன். ஒருநாள் பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தது. பிரஷ் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று வேறு பிரஷ் வாங்கி வந்தேன்.

பதினோராவது ஞாயிறு உச்சியிலிருந்த அரசமரம் துளிர்த்திருந்தது. அந்த வருடம் முழுக்க நான் காத்திருந்த நிறம் அது. செம்பும் இல்லாமல் இளஞ்சிவப்பும் இல்லாமல், வெயில் ஊடுருவும் ஒரு நிறம். வெயில் ஏறினால் போய்விடும். நான் பாதி தூரம் ஏறிவிட்டேன், அவர் கீழேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"செத்த உக்காந்துக்கறேன். நீ போயி எடு."

"தாளு உங்ககிட்டல்ல இருக்குது. வெளிச்சம் உங்களுக்காவ நிக்குமாங்க?"

எழுந்தார். ஒரு கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டு ஏறி வந்தார். எனக்கு முன்னால் வந்து, மூச்சு வாங்கியபடி, தாளை நீட்டிப் பிடித்தார். விரல் விழுந்தது. அன்றைக்கு நான் திட்டவில்லை, நேரம் இல்லை. எடுத்துவிட்டு அரசமரத்தின் பக்கம் திரும்பிவிட்டேன். அன்று காலை எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நான்கு நாள் கழித்துத் தொழிற்சாலையில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாளா இப்படி வெளுத்துப்போயிருக்கார்?" என்று இந்தியில் கேட்டார்.

"ஒரு வாரமா இருக்கும்" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். ரத்தப் புற்றுநோய். முன்னாலேயே வந்திருந்தால் என்று நான் இழுத்தபோது, இந்த வகையில் அது பெரிய வித்தியாசம் செய்யாது என்றார். அது உண்மையா, என்னைத் தேற்றுவதற்காகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படுக்கையில் ஒருநாள் அவராகக் கேட்டார், "அந்த அரசமரம் கலரு சரி பண்ணிட்டியா?"

"வீட்டுக்கு வாங்க. சேந்து பண்ணலாம்."

"நானென்ன பண்றது. தாளு புடிக்கறதோட என்ற வேல முடிஞ்சுதே."

ஆடி மாதம் போய்விட்டார்.

அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. அடுத்த தை வந்தது. ஞாயிறு காலை பழக்கதோஷத்தில் விழித்துக்கொண்டவள், காப்பி போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன். அரசமரத்தின் நிறத்தைச் சரிசெய்ய வேண்டும், அவர் கேட்டது அது ஒன்றுதான். அவர் முகம் எங்காவது இருக்குமா என்றும் தேடினேன். அறுநூறு படங்கள். பாறை, புல், கொழுந்து. முகம் எங்கேயும் இல்லை. இருந்ததெல்லாம் ஒவ்வொரு ஞாயிற்றின் தொடக்கத்திலும் ஒரு வெள்ளைத்தாள், அதன் ஓரத்தில் அந்தக் கட்டைவிரல், நகக்கண்ணில் கருப்பாக ஒரு கிரீஸ் கோடு. பதினோரு தாள், பதினோரு விரல்.

முதல் ஞாயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். கணினியில் சொட்டுமருந்துக் குழாய் போல ஒரு சின்னக் குறி இருக்கும். அதைத் தாளின்மேல் வைத்து அழுத்தினால் அந்த இடத்தை வெள்ளையாகக் கொண்டு நிறங்களைச் சரிசெய்யும். முதல் தடவை அது தவறி விரல்நகத்தின்மேல் விழுந்துவிட்டது. உடனே படம் முழுக்கப் பச்சையும் நீலமுமாக மாறியது. நகத்தின் இளஞ்சிவப்பை வெள்ளை என்று எடுத்துக்கொண்டுவிட்டது கணினி. எனக்குச் சிரிப்பு வந்தது. விரலை எடுங்கள் என்று இதற்குத்தான் சொன்னேன் என்று அவரிடம் வாய்விட்டே சொன்னேன்.

பிறகு தாளின்மேல் சரியாக அழுத்தினேன். அடுத்த ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறு. ஐந்தாவதில் ஏதோ உறுத்தியது. பத்தாவது வரை சரிசெய்து, பத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். தாள் எல்லாவற்றிலும் ஒரே வெள்ளை. கிரீஸ் கோடும் ஒரே கருப்பு. நகத்தின் இளஞ்சிவப்பு மட்டும் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே வந்திருந்தது. வெள்ளை எது என்று காட்டும் தாளையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர். இரண்டு நாள் செம்பைக் கண்டுபிடித்த நான் இதைப் பார்க்கவில்லை. விரல் படத்தைக் கெடுக்கிறது என்று சண்டை போட்டேன். டாக்டரிடம் ஒரு வாரம் என்றேன்.

பதினோராவது படத்துக்கு வந்தேன். பாறையைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறி வந்த நாளின் படம். முதலில் தாளின்மேல் அழுத்திச் சரிசெய்தேன். பிறகு அந்தக் குழாயை மெல்ல நகர்த்தி, வேண்டுமென்றே அவர் நகத்தின்மேல் வைத்து அழுத்தினேன்.

படம் மாறவே இல்லை.