ஏரிக்குப் போன பாவு மூங்கில்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான்தான். மூன்றாம் வகுப்பிலேயே எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதைச் சீண்டுவது அம்மாவின் தம்பியான என் மாமாவுக்குப் பொழுதுபோக்கு.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. பிள்ளையார்பாளையத்தில் மழை நிற்காவிட்டால் தறி நின்றுவிடும். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழியில் தண்ணீர் ஊறிவிடும். அப்பா காலையில் இறைத்துக் கொட்டுவார். பொழுது சாய்வதற்குள் மறுபடி நிறைந்திருக்கும். வேலை இல்லாததால் பெரியவர்களுக்குப் பசியும் இல்லை போலும். அம்மா எனக்கு மட்டும் தட்டு வைத்து, "எங்களுக்குப் பசிக்கலம்மா, நீ துன்னு" என்பாள்.

ஒருநாள் வெயில் வந்தது. மறுநாள் புதுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகளை, தெருவில் நீட்டிவிடலாம் என்றார் அப்பா. பாவின் இழைகளுக்கு நடுவே கோக்க எங்களிடம் ஒரே ஒரு நல்ல மூங்கில் இருந்தது. ஒல்லியாக, நீளமாக, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று இருக்கும். அதில் சின்னதாக ஒரு சிலாம்பு கிளம்பினாலும் பட்டிழை மாட்டி அறுந்துபோகும். அதனால் நான் அதன் பக்கமே போகக் கூடாது.

அதைத்தான் மாமா தூண்டில் கழியாக்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார். கழித்துப்போட்ட பட்டு நூல்களை முறுக்கி நுனியில் கட்டியிருந்தார். கழி எவ்வளவோ நூலும் அவ்வளவுதான். விட்டுக்கொடுக்க மிச்சம் கிடையாது.

"வா வாத்தியாரம்மா, மீனுக்குப் பாடம் சொல்லுவே."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"அதுக்குள்ள வந்துடலாம்பா."

ஏரி நிரம்பி, கலங்கல் மதகின் மேலாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தவளையைக் குத்தித் தூண்டிலைப் போட்டதும் ஒரு விரால் கவ்வியது. சின்னதல்ல, துள்ளியபோது என் கால் நீளம் தெரிந்தது. மாமா பலங்கொண்ட மட்டும் கழியைத் தூக்கினார். மூங்கில் வில்லாக வளைந்து முனகியது. அதற்கப்புறம் மீனை நான் பார்க்கவே இல்லை. நாளைய பாவுதான் கண்ணுக்குள் நின்றது.

கரைமேல் அம்மாவின் குரல் கேட்டது. "எவண்டா மூங்கிலை எத்துக்கினு வந்தது? தறிகெட்டவனே, உனக்கு..." என்று திட்டிக்கொண்டே இறங்கி வந்தவள், மீன் மறுபடி துள்ளியதும் பேச்சை நிறுத்தினாள்.

"தூக்காதடா பாவி! அறுந்துடும். அது போற பக்கம் நீயும் போ!"

"ஏரிக்குள்ளயா? எனக்கு நீச்சல் தெரியாதேக்கா!"

"எனக்கு மட்டும் தெரியுமா? குடுடா இப்படி!"

அம்மா சேலையை வரிந்து செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். கழியைத் தூக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். மீன் ஓடினால் கூடவே நடந்தாள். அது சலித்து நின்றால் நூல் தொய்யாதபடி மெல்லக் கரைப்பக்கம் திருப்பினாள். சிக்கெடுக்கும்போது பட்டு நூலிடம் பேசுவாளே, அதே குரலில், "வாடியம்மா, வா, வா" என்றாள். வெகுநேரம் ஏரியோரமாக அம்மாவும் விராலும் உலாப் போனார்கள். கடைசியில் விரால் கோரைப்புல் ஓரம் பக்கவாட்டில் சாய்ந்தது. மாமா அதன்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டார்.

"விட்டுறாதடா!"

"நான் விட்டாலும் இது என்னை விடாதுக்கா!"

அம்மா கரையேறி, தூண்டில் நூலின் முறுக்கிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்தெடுத்தாள். அதை மூங்கிலின்மேல் போட்டு, அடியிலிருந்து நுனிவரை மெல்ல இழுத்துப் பார்த்தாள். இழை எங்கும் மாட்டவில்லை. திருப்பி இன்னொரு பக்கமும் இழுத்தாள். மாட்டவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா சேறு அப்பிய மாமாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூங்கில் பிழைத்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் குழம்பு கொதித்தபோது நான் ஓர் அதிசயத்தைக் கவனித்தேன். இத்தனை நாளும் பசியில்லை என்றவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்திருந்தது. அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அம்மா சட்டியில் ஒட்டியதையும் வழித்துத் தின்றாள். விரால் மீனின் வாசனைக்குப் பசியைத் தூண்டும் குணம் உண்டு என்று நானே கண்டுபிடித்து, மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன்.