அக்கரையில் மின்னிய பானை மூடி

என் குசினியில், சமைக்கிற இடத்துச் சுவரில், ஒரு எவர்சில்வர் மூடி தொங்குகிறது. சோற்றுப்பானை மூடி, பானை இல்லை. மொன்றியல் நகரத்துப் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வருகிறவர்கள், "இதென்ன, சாமிப் படம் மாட்டுற இடத்தில மூடி?" என்று கேட்பார்கள். அது என் மச்சாளுடையது, என் வீட்டுக்காரரின் அக்காவுடையது என்று சொல்வேன். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இதையும் மெல்ல மெல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்த மூடியைப் பற்றி வேறு ஆராலும் எழுத ஏலாது.

சண்டைக் காலத்தில் மட்டக்களப்பிலிருந்து ஒரே மாதத்தில் வெளிக்கிட்டோம். நாங்கள் மொன்றியலுக்கு வந்தோம். மச்சாள் தன் மகளோடு அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவருடைய அகதி வழக்கு வருசக்கணக்கில் இழுபட்டது. அந்த நாட்டை விட்டு ஒரு அடி வெளியே வைத்தாலும் திரும்பிப் போக முடியாது. என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் காலமானபோது, கூடப்பிறந்த தம்பியின் முகத்தைப் பார்க்க அவரால் வர முடியவில்லை. நான் டெலிபோனைச் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சாள் அந்தப் பக்கத்தில் தம்பியின் பேரைச் சொல்லி அழுதார். பிறகு, "புள்ள, உன்ட கையையாவது நான் ஒருக்காப் பிடிக்கணும்" என்றார்.

அவர் வர முடியாது; நான் போகலாம். அதற்குக் கனடாப் பாஸ்போட் வேண்டும், பாஸ்போட்டுக்குக் குடியுரிமைச் சோதனை எழுத வேண்டும். அங்கேதான் நான் நின்றுவிட்டேன். நான் வேலை செய்த ஜான்-டலோன் மரக்கறிச் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு தக்காளியைத் தொட்டே, இது இன்றைக்கு விற்க வேண்டியது, இது நாளைக்கு என்று சொல்லிவிடுவேன். முதலாளியே என்னைக் கேட்டுத்தான் பெட்டி அடுக்குவார். அப்படிப்பட்டவள் ஒரு அதிகாரிக்கு முன்னால் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு இருப்பதா? மச்சாளிடம் "கந்தோரில ஃபைல் நிக்குது" என்று சொன்னேன். வருசா வருசம் அதையே சொன்னேன்.

டெட்ராய்ட்டுக்கு எதிரே, கனடாப் பக்கத்தில் வின்சர் நகரம். நடுவில் ஒரு ஆறு. கோடை வந்தால் மகன் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு முழுப் பகல் ஓடுவான். அங்கே தங்கி, மறுநாள் மத்தியானம் ஆற்றங்கரைக்குப் போவோம். நான் சிவப்புச் சேலை ஒன்றை விரித்துப் பிடிப்பேன். அக்கரையில் மச்சாள் தன் சோற்றுப்பானை மூடியை வெயிலில் பிடித்து ஆட்டுவார். ஆள் எறும்பளவுதான் தெரியும். மூடி மட்டும் பளிச், பளிச் என்று மின்னும். காதில் டெலிபோன் இருக்கும்.

"மூடியைக் கொண்டு வந்திட்டீங்க, அங்க சோறு எப்பிடி அவியும்?"

"நீ வந்து தின்னாத சோறு எப்பிடி அவிஞ்சா என்ன?"

"மெலிஞ்சு போனீங்க மச்சாள்."

"இவ்வளவு தூரத்தில நிண்டு, மெலிஞ்சது உனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?"

இரண்டு கரையையும் ஒரே பெருநகரமாகச் சேர்த்து, இரண்டு நாட்டுச் சனத்தையும் கூட்டித் தொகை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று மகன் ஒருமுறை சொன்னான். இக்கரையில் நித்திரை எழும்பி, அக்கரையில் ஆசுபத்திரி வேலைக்குப் போய் வருகிறவர்களும் உண்டாம். எனக்கு அது புதினமாகப் படவில்லை. எங்கள் ஊர் வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. ஒரு வீட்டில் கலியாணம் என்றால் இரண்டு கரையும் தோணி ஏறும். நான் வின்சர் கரையில் நிற்கிற அரைமணி நேரமாவது மச்சாளையும் என்னையும் சேர்த்து எண்ணலாம்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்பில்தான் ஒரு பிழையை விட்டேன். குடிசனக் கணக்கெடுப்புப் படிவம் வந்திருந்தது. மகன் மேசையில் வைத்து நிரப்பினான். வீட்டில் நான், அவன், மருமகள். எத்தனை பேர் என்று கேட்க, "நாலு" என்றேன். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாவிக்கு அங்கால் போனவருக்கு ஒரு தட்டுச் சோறு போட்டு மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவோம். சோறு வைக்கிற ஆள் வீட்டு ஆள். மச்சாளுக்கு நான் இங்கே ஒவ்வொரு நாளும் வைத்தேன். மகன் சிரித்துக்கொண்டு மூன்று என்று போட்டான். அவன் குளிக்கப் போன நேரம் நான் பேனையை எடுத்து, கீழே வெறுமையாகக் கிடந்த கட்டத்தில் மச்சாளின் பெயரை எழுத்துக் கூட்டித் தமிழில் எழுதினேன். அவன் பார்க்காமல் தபாலில் போட்டுவிட்டான்.

கொஞ்ச நாளில் கணக்கெடுப்புக் கந்தோரிலிருந்து டெலிபோன் வந்தது; மகன் எடுத்தான். நாலாவது ஆள் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள். "ஆத்துக்கு அங்கால எண்டு சொல்லு" என்றேன். மகன் அதைச் சொல்லவில்லை. பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டு, இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் திரிந்தான்.

மச்சாளுக்குச் சொன்னால் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்ப உனக்கு எழுதத் தெரியும்."

"உங்கட பேர் மட்டும்."

"என்ட பேரை எழுதினவளுக்கு அந்தச் சோதனை என்ன பெரிசு? ஃபைல் நிக்கல்ல புள்ள. நீதான் நிக்கிறாய். எனக்கு முதல் வருசமே தெரியும்."

எனக்கு முகமெல்லாம் கொதித்தது. டெலிபோனை டக்கென்று வைத்தேன். அன்றைக்கு அவருக்குச் சோறு வைக்கவில்லை. மறுநாள் வைத்தேன். அதற்கு அடுத்த நாள், "சரி, சொல்லித் தாங்க" என்று கேட்டேன்.

அவருடைய மகள் கேள்விகளைத் தமிழில் சொல்லிக் கொடுக்க, மச்சாள் அவற்றைப் பாடமாக்கி, ஒவ்வொரு நாளும் டெலிபோனில் என்னைக் கேட்டார். தான் காலே வைக்க முடியாத நாட்டின் மாகாணங்களை அவர் எனக்கு முன்னே மனப்பாடம் செய்துவிட்டார். முதல் தடவை எழுதித் தவறினேன். இரண்டாம் முறை ஒரு அதிகாரி கூப்பிட்டு வாயால் கேட்டார். தலையை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னேன்.

பாஸ்போட் கிடைத்து, பாலத்தால் அக்கரைக்குப் போன அன்று, மச்சாள் வாசலிலேயே என் கையைப் பிடித்தார். மோந்து பார்த்து, "தக்காளி நாறுது" என்றார். கையை விடவில்லை. பின்னேரம் அவர் வழக்கமாக நிற்கிற இடத்துக்குக் கூட்டிப் போனார். பழக்கத்தில் மூடியும் கையோடு வந்திருந்தது. நான் வருசக்கணக்கில் நின்ற கரை அங்கிருந்து எவ்வளவு வெறுமையாகத் தெரிந்தது!

"அங்க ஆரும் இல்ல மச்சாள்."

"இல்லாட்டி என்ன" என்று மூடியைத் தூக்கி இரண்டு தரம் ஆட்டினார்.

மச்சாள் போன மாரியில் போய்விட்டார். செத்தவீட்டுக்கு நான் போனேன். என்னால் போக முடிந்தது. அவருடைய மகள் பெட்டி பெட்டியாகச் சாமான் காட்டினாள். நான் மூடியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இந்த வருசமும் படிவம் வந்தது. மகனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கம்பியூட்டரில் செய்யலாம் என்றான். கடதாசியில்தான் வேண்டும் என்று நான் சொன்னேன். மேசையில் விரித்து வைத்து, "எத்தனை பேர் அம்மா?" என்று கேட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"மூணு பேர்" என்றேன்.

பின்னேர வெயில் ஜன்னலால் வந்து சுவரில் பட்டது. மூடியிலிருந்து ஒரு வட்ட வெளிச்சம் அவன் எழுதிக்கொண்டிருந்த கட்டங்களுக்கு மேல் விழுந்தது.

"கண் கூசுது. அந்த மூடிய எடுங்க அம்மா."

"இரிக்கட்டும்" என்றேன். "நீ எழுதி முடி."