தந்தம் என்று விற்ற செல்லுலாய்டு

கடை மேசைக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: அங்கே நமக்கு வாய் உண்டு, பேச்சு கிடையாது.

கல்லூரி முடித்ததும் புதுச்சேரியில் பிரெஞ்சு சாமான் விற்கும் ஒரு கடையில் சேர்ந்தேன். அப்பா படுத்த படுக்கை. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. சீப்பு, சோப்புப் பெட்டி, சட்டைக் கழுத்தில் தனியாக மாட்டும் காலர் எல்லாமே செல்லுலாய்டு. பஞ்சையும் அமிலத்தையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செய்வது. சூட்டில் இளகும், நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றும். இது நான் படித்தது. முதலாளி படித்தது வேறு: “தந்தம்னு சொல்லு, இல்லாட்டி சும்மா நில்லு. செல்லுலாய்டுன்னு வாயத் தொறந்தா அன்னியோட வேல போச்சு.” ஆள் முகம் பார்த்துப் பேசவே கூசுகிற எனக்குச் சும்மா நிற்பது சுலபமாகவே இருந்தது.

வெந்த சீப்பு

லாஸ்பேட்டை அம்மாள் ஒருத்தி மகளுக்குப் பேன் சீப்பு வாங்கிப் போனாள். பேன் முட்டை சாகட்டும் என்று அதைக் கொதிக்கும் நீரில் போட்டிருக்கிறாள். மறுநாள் அது முறுக்கிக்கொண்டு, பல்லெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேசைக்கு வந்தது. முதலாளி கூசாமல், “கெழட்டு யானைத் தந்தம், அப்பிடித்தான் இருக்கும்” என்றார். அவள் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏம்மா, நீ வித்தது சீப்பா, சேமியாவா?”

மணக்கும் காலர்

செல்லுலாய்டு காலருக்கு வண்ணான் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதைக் கேட்டுக் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் சொர்க்கம் கிடைத்தாற்போல் வாங்கிப் போனார். வெயிலில் கழுத்து சூடேறச் சூடேற, உள்ளே இருந்த கற்பூரம் வெளியே வந்தது. துரைக்கு முன்னால் மிடுக்காக நிற்க ஆசைப்பட்டவர், வீட்டுக்காரி சிரித்ததைத் தாங்கமாட்டாமல் வந்து, கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சில் கூப்பிடுகிற மரியாதையோடு என்னைக் கேட்டார்.

“கிட்ட வந்தாலே கன்னத்துல போட்டுக்கறா, நான் என்ன புள்ளையாரா, மத்மசேல்?”

புதுநன்மை முடி

ஒரு தாய் தன் சிறுமியோடு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் புதுநன்மை, மாதா கோயிலில் முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். முக்காடு போட்ட பிள்ளைகள் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியோடு வரிசையாகக் கோயிலுக்குள் போவார்கள். முதலாளி எடுத்துக் கொடுத்த வெள்ளைப் பூமுடி முழுக்கச் செல்லுலாய்டு. “தந்தப் பூம்மா, பரம்பரைக்கும் வரும்.” அதை அவர் பிள்ளையின் தலையில் வைத்தார். அவளுக்குப் பின்னால் வரப்போகிறவள் கையிலும் மெழுகுவர்த்தி இருக்குமே என்று நினைத்ததும், என் கை தானாக நீண்டு அந்தப் பூமுடியை எடுத்துவிட்டது.

“வேணாங்க. இது செல்லுலாய்டு. பத்திக்கும்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“பத்திக்குமா? காட்டறேன் பாரு!” என்று முதலாளி ஒரு பூவைப் பிய்த்து, சுருட்டு பற்றவைக்கிற குச்சியை மூக்குக்கு நேரே கிழித்து அதில் காட்டினார். பூ குப்பென்றது. இடப்பக்கத்து மீசையும் அதோடு போயிற்று. தாய் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு, படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தாள்.

“மிச்ச மீசையாவது நெசமா, இல்ல அதுவும் தந்தமாய்யா?”

தந்தம் என்றவர் அரை மீசையோடு இன்னமும் முதலாளியாகத்தான் இருக்கிறார், பற்றும் என்றவள்தான் அன்று மாலையிலிருந்து வேறு வேலை தேடுகிறாள்.