சில்வெஸ்டர் வேண்டிக்கொண்ட ஐந்து தலைகள்

பிரேசர் டவுனில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களில் பாதிப் பேராவது சில்வெஸ்டரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறேன் என்பதற்காக எனக்கு ஒரு சலுகையும் கிடையாது. "நிதானா விடு மமதா, கிளட்ச் என்ன உன் மாமியாரா, அந்த மிதி மிதிக்கிற?" என்பார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் அவர் உட்காரும் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் கால் வைத்தபடியே முப்பது வருடம் பிழைத்தவர் அவர்.

அவருடைய தலைமுடியைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. ஐம்பது தாண்டியும் கரிய, அடர்த்தியான முடி. முன்னால் ஒரு சுருள். பின் பாக்கெட்டில் சீப்பு. சிக்னலில் வண்டி நின்றால் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். "பின்னாடி வர்ற வண்டியப் பாக்கணும்ல" என்று சொல்வார். எந்த வண்டியும் வராத சந்திலும் பார்ப்பார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பாய்மரப் படகில் தீவு தீவாகப் போக வேண்டும். போனில் அந்த வீடியோக்களைத்தான் நாள் பூராவும் பார்ப்பார். வெள்ளி விழாக் கல்யாண நாளைக் கடலில் கொண்டாடலாம் என்று மனைவி பவுலினைக் கெஞ்சிப் பார்த்தார். பவுலின் ஆன்ட்டி பள்ளிக்கூடத்தில் கன்னட டீச்சர். "எனக்கு மைசூர் பஸ்லயே வாந்தி வருது. அஞ்சு நாள் தண்ணியிலயா? நீங்க வேணா போங்க" என்று சொல்லிவிட்டார். 'நீங்க வேணா போங்க' என்று பெண்டாட்டி சொன்னால் போகக்கூடாது என்பது எந்தக் கணவனுக்கும் தெரியும். சில்வெஸ்டர் போய்விட்டார். இது நடந்தது 2019 பிப்ரவரியில்.

பிலிப்பைன்ஸில் பலவான் என்று ஒரு தீவுக்கூட்டம். அங்கே ஒரு மரப்படகு. கவிழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் கைகளை நீட்டியிருக்கும். தோளில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றும் இளசுகள் போகிற படகு அது. நம்ம ஆளோ சக்கரம் வைத்த சூட்கேஸைக் கடற்கரை மணலில் இழுத்துக்கொண்டு வந்து நின்றார். படகில் மொத்தம் ஐந்து பேர். டச்சுக்காரப் பெண் அன்னா, அவளுடைய தோழன், கேப்டன் ஹெர்பர்ட், ஒரு சமையல்காரர், நம்மவர். அன்னாவின் முடி இடுப்பு வரைக்கும் இருந்ததாக முதல் நாளே பவுலின் ஆன்ட்டிக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறார். அவ்வளவு அறிவு.

இரண்டு நாள் சொர்க்கம். பகலில் பாயின் நிழலில் படுத்துக் கிடப்பது, ஏதாவது ஒரு தீவில் இறங்கிச் சுட்ட மீன் சாப்பிடுவது, மூங்கில் குடிசையில் தூங்குவது. பாறைக்குப் பாறை தண்ணீரின் நிறம் மாறுமாம். இட்லி, காபி எதுவுமே நினைவுக்கு வரவில்லை என்று சொன்னார். நான் நம்பவில்லை.

மூன்றாம் நாள் நடுக்கடலில் காற்று திரும்பியது. வானம் கறுத்து, மழை பக்கவாட்டில் அடிக்க ஆரம்பித்தது. ஹெர்பர்ட் பாயை இறக்கச் சொல்லிக் கத்துவதற்குள் ஒரு மூங்கில் கை பாதியில் முறிந்தது. படகு அந்தப் பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. மற்றவர்கள் வாளியால் இறைத்துக் கொட்டினார்கள். சில்வெஸ்டரின் வலது கால் மட்டும் பலகையை அழுத்தி அழுத்தி பிரேக்கைத் தேடிக்கொண்டிருந்தது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார். அடுத்ததைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார். பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினாராம்:

"வேளாங்கண்ணி மாதாவே, காப்பாத்தும்மா. இந்தப் படகுல இருக்கிற எல்லார் தலையும் உனக்குத்தாம்மா."

பயத்தில் வேண்டிக்கொள்கிறவர்கள் தங்கள் தலையை வேண்டிக்கொள்வார்கள். மிஞ்சிப் போனால் பெற்ற பிள்ளையின் தலையை. இவர் ஊர் பேர் தெரியாத நான்கு பேரின் தலையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கியது. ஹெர்பர்ட் படகை ஒரு தீவின் மறைவுக்குக் கொண்டுவந்துவிட்டார் என்பது என் கட்சி. மாதா கொண்டுவந்தார் என்பது அவர் கட்சி. இரண்டு பேருமாகக் கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கரையேறித் துணி காயவைக்கும்போது மனசு கேட்காமல் எல்லோரிடமும் விஷயத்தைச் சொன்னார். அன்னா தன் முடியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நான்கு அடி தள்ளி உட்கார்ந்தாள். ஹெர்பர்ட் கத்தோலிக்கர். நேர்ச்சை என்றால் என்னவென்று தெரிந்தவர். சிலுவை போட்டுக்கொண்டு, மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஒரு முடிகூட இல்லை. எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சில்வெஸ்டருக்கு மட்டும் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

ஊருக்கு வந்ததும் பங்குச் சாமியாரிடம் ஓடினார். அடுத்தவர் தலையை வேண்டிக்கொள்ள யாருக்கும் உரிமை இல்லை, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நிம்மதியாக இரு என்றார் ஃபாதர். சில்வெஸ்டர் ஒப்புக்கொள்ளவில்லை.

"அஞ்சு உசுரும் முழுசா வந்திருக்கு மமதா. இப்ப போய் ஃபாதர் சொன்னார்னு மாதாகிட்ட டிஸ்கவுன்ட் கேக்கச் சொல்றியா?"

"அப்ப என்ன அங்கிள் பண்ணுவீங்க? ஹாலந்து போய் அந்தப் பொண்ணப் பிடிச்சு மொட்டை போடுவீங்களா?"

"என் தலை இருக்குதே. ஒவ்வொருத்தருக்கா போடுறேன்."

போட்டார். கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு திரிந்த மனிதர் அந்தச் செப்டம்பரிலேயே வேளாங்கண்ணிக்குப் போய் அன்னாவுக்காக மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். நடுவில் கொரோனா வந்து தடுத்துவிட்டது. அப்புறம் வருடத்துக்கு ஒன்றாக அன்னாவின் தோழனுக்கு, சமையல்காரருக்கு, வழுக்கையானாலும் தலை தலைதான் என்று ஹெர்பர்ட்டுக்கு. தன்னுடையதைக் கடைசிக்கு வைத்திருந்தார். வீட்டுக்காரன் முதல் பந்தியில் உட்காருவது மரியாதை இல்லை என்று விளக்கம் வேறு.

பவுலின் ஆன்ட்டி இதிலெல்லாம் பட்டுக்கொள்ளவே இல்லை. "கேக்காம போனவருக்குக் கேக்காமலே மொட்டை போடத் தெரியாதா" என்று மட்டும் சொல்வார். ஒரு முறைகூட வேளாங்கண்ணிக்குக் கூடப் போகவில்லை.

வினை நான்காவது மொட்டைக்குப் பிறகு வந்தது. முடி திரும்பி முளைக்கவில்லை. காதோரம் கொஞ்சம், பிடரியில் கொஞ்சம். உச்சி வெறுமையாகவே கிடந்தது. வயசு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெங்காயச் சாறு, கரிசலாங்கண்ணி எண்ணெய், யாரோ கொடுத்த பச்சை நிறக் களிம்பு, எல்லாவற்றையும் பூசிப் பார்த்தார். மாடிப்படி வரை நாற்றம். ஒரு நாள் வாடகை கொடுக்கப் போனபோது கையில் சீப்புடன் உட்கார்ந்திருந்தார்.

"நாலு பேருக்கு நல்ல முடியக் குடுத்துட்டேன். என் உசுருக்கு மட்டும் வழுக்கையக் கொண்டுபோய் நீட்டினா, அது காணிக்கையா, கேலியா?" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பவுலின் ஆன்ட்டி உள்ளே போனார்.

போன செப்டம்பரில் அவர் பையைக் கட்டும்போது ஆன்ட்டியும் ஒரு பையைக் கட்டினார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டார்கள். திருவிழாக் கூட்டம். மொட்டை போடும் கொட்டகையில் வரிசையில் நின்று எங்கள் முறை வந்தது. சில்வெஸ்டர் பலகையில் உட்கார்ந்தார். நாவிதர் அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எடுக்கிறதுக்கு என்ன சார் இருக்கு?" என்றார். பாவம், கேலியாகக் கேட்கவில்லை.

"ஏங்க, எந்திரிங்க" என்றார் பவுலின் ஆன்ட்டி.

அவர் எழுந்ததும் அந்த இடத்தில் ஆன்ட்டி உட்கார்ந்தார். கொண்டையை அவிழ்த்து முதுகில் விட்டார். பாதி நரைத்த, நல்ல நீளமான முடி.

"பவுலின், இது என் தலைக்கு வேண்டிக்கிட்டது" என்றார் சில்வெஸ்டர்.

"தெரியும். அன்னிக்கு நீங்க முங்கிப் போயிருந்தா உங்களுக்கு என்ன? நேரா மோட்சம். இங்க ஒத்தையா உக்காந்திருக்கப் போறது நான்தானே? மாதா காப்பாத்திக் குடுத்தது எனக்கு. அப்ப முடி யார் குடுக்கணும்?"

பாக்கி நான்கு பேரையும் ஒருவர் விடாமல் நினைத்த மனிதருக்கு, ஐந்தாவது உயிர் யாருடையது என்பது அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. அத்தனை பேர் நடுவில் நின்று குழந்தை மாதிரி அழுதார்.

"அழாதீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டு, நாவிதர் தண்ணீர் ஊற்றுவதற்கு வாகாக ஆன்ட்டி தலையைக் குனிந்துகொண்டார்.